ஐந்தாவது படம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். அவருடைய முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உனக்கு இருமல் நின்றதா? வெளியே போகும்போது காதை மூடிக்கொள். என் காது முன்னைவிட மோசம். போனில் நீ பேசினால் ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. பதினெட்டு வருஷம் பிரஸ் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. அதனால் அலுத்துக்கொள்ளாமல் காகிதத்திலேயே எழுது.

ஃபேக்டரியில் புது பிரஸ் ஆறு இறக்கியிருக்கிறார்கள். நீ இங்கே வேலை பார்த்தபோது இருந்த கிழங்களையெல்லாம் பிரித்து எடைக்குப் போட்டாயிற்று. முன்பு ஓர் அடிக்கு நாற்பது ரப்பர் வாஷர் விழும். இப்போது நூற்றிருபது. ஆனால் பிரஸ் முன்னால் மாட்டியிருக்கும் போர்டில் நம் மொழியில் ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் உங்கள் தலைமை ஆபீஸ் மொழி, கூடவே ஒன்பது படம். மேனேஜரைக் கேட்டேன். "இனிமே பதினோரு நாட்டுலயும் ஒரே பாஷைதான். படம் போட்டிருக்காங்கல்ல, பார்த்துப் புரிஞ்சுக்க வேண்டியதுதானே" என்றார்.

என் லைனில் சிட்டு என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். சின்ன உருவம், பெரிய வாய். போர்டைப் பார்த்துவிட்டு, "மொதப் படத்துல பல்லு தேய்க்கச் சொல்றாங்க, ரெண்டாவதுல கல்யாணத்துக்குக் கூப்பிடுறாங்க" என்று ஆரம்பித்தாள். லைனே சிரித்தது. ஐந்தாவது படத்துக்கு வந்ததும் அவளுக்கே ஒன்றும் தோன்றவில்லை. சிவப்பு விளக்கு, அதன் மேல் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு கை, கைக்கு மேலே கடிகாரம். பழைய பிரஸ்ஸில் சிவப்பு விளக்கு அணைந்தால் கையை உள்ளே விட்டு அச்சைத் துடைப்போம். இதிலும் அப்படித்தானா? அந்த போர்டில் இருப்பதை நம் மொழியில் ஒரு தாளில் எழுதி அனுப்பு. நான் ஒட்டிக்கொள்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. மாமாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? மாடி ஏற வேண்டாம் என்று சொல்.

இங்கே எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவின் அறையைப் பாதியாகத் தடுத்துவிட்டார்கள். ஒன்பது பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர். போன வருஷம் ஓர் ஆர்டர் மூன்று மொழி தாண்டி ஒரு ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்விட்டம் வெளிவிட்டமாக மாறிவிட்டது. ஒரு கப்பல் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கே முதலாளி மேஜையைத் தட்டி, இத்தனை பாஷை எதற்கு என்று கேட்டாராம். அதிலிருந்து வந்த மாற்றம்தான் நீ பார்க்கிற போர்டு.

என் எதிர் மேஜைக்காரி இருபது வருஷமாகத் தன் நாட்டு ஃபேக்டரிக்கு மொழிபெயர்த்தவள். அகராதிகளையெல்லாம் ஒரு தள்ளுவண்டியில் அடுக்கினாள். லிஃப்ட் வரைக்கும் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். "உன்னை மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நீ கேட்ட தாள் விஷயம். கம்பெனிக் காகிதங்களை வெளியே அனுப்பக் கூடாது என்று இப்போது கெடுபிடி. மேனேஜரிடமே கேட்டுக்கொள். படங்கள் எளிதாகத்தான் இருக்கும்.

உன் காதை ஒரு டாக்டரிடம் காட்டு.

தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். காதைக் காட்டினேன். டாக்டர் ஏதோ சொன்னார், எனக்குத்தான் கேட்கவில்லை. சிரிக்காதே.

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் போர்டில் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக்கொண்டு போய்ப் பாதியில் நிறுத்திவிட்டார். "எனக்கே பாதிதான் தெரியுது, நீ வேற ஏம்மா உயிரை எடுக்கறே" என்றார். மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து வீடியோ போட்டார்கள். அரை மணி நேரம். ஓர் ஆள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உங்கள் மொழியில் பேசினார். முடிந்ததும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். போட்டோம்.

நீ எளிது என்று சொன்னால் எளிதாகத்தான் இருக்கும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கீழே சிட்டு இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறாள்.

"அண்ணா, வணக்கம். நான் உங்களைப் பார்த்ததில்லை. உங்கக்கா திட்டுறதுல பாதி உங்களைப் பத்திப் பெருமையாத்தான் இருக்கும். கைக்கு மேல ஏன் கடிகாரம்? எங்களுக்கெல்லாம் கைக்கடிகாரம் தரப் போறாங்களா? பதில் போடுங்க. சிட்டு."

சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக உன் கடிதம் என் பையிலேயே கிடந்தது. திட்டாதே. இரண்டு நாட்டுக்காரர்கள் ஒப்பந்தம் பேச வந்திருந்தார்கள். காலையில் அவர்கள் வாயில் புகுந்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன். அறைக்கு வந்தால் என் சொந்த வார்த்தை ஒன்றுகூட மிச்சம் இருப்பதில்லை.

சிட்டுவிடம் சொல், கைக்கடிகாரம் கிடையாது. ஐந்தாவது படத்தின் பொருள் இதுதான்: விளக்கு அணைந்த பிறகும் நான்கு நிமிஷம் கையை உள்ளே விடக் கூடாது. இந்த பிரஸ் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. விளக்கு அணைந்தாலும் அழுத்தம் உடனே இறங்காது. மேல் தட்டு தானாக ஒரு தடவை கீழே வரலாம். பழைய பிரஸ்ஸில் இது கிடையாது. அதனால் இதை மட்டும் எல்லாருக்கும் கட்டாயம் சொல்லிவிடு.

மற்ற எட்டுப் படத்துக்கும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதே. பொடி எழுத்தாக இருந்தால் சிட்டுவைப் படிக்கச் சொல். அவளுக்கு என் வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பின்பக்கத்தையும் படித்தேன்.

மார்ச் 27ஆம் தேதி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அச்சில் ரப்பர் ஒட்டிக்கொண்டது. விளக்கு அணைந்திருந்தது. சிட்டு கையை விட்டாள். தட்டு இறங்கியது. நூற்றெண்பது டிகிரி சூடு. தட்டைத் தூக்க மேனேஜர் போர்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். எது மேலே தூக்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவள் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

தலைமை ஆபீஸிலிருந்து விசாரணை வைக்கிறார்களாம். திரையில்தான் கேட்பார்களாம். மொழிபெயர்க்க ஒருத்தர் இருப்பார் என்றார்கள். அது நீதானா?

மாமா உன்னை விசாரித்தார்.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வீட்டில் யார் யார்? எதுவும் நீ எழுதவில்லை.

ஆமாம், நான்தான். நம் மொழிக்கு இப்போது என்னை விட்டால் சரியான ஆள் இல்லை. நம் உறவு இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்னை எடுத்துவிட்டு வேறு யாரையாவது போடுவார்கள், அவன் அரைகுறையாகச் சொல்லுவான். அதனால் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. தம்பி என்று கூப்பிட்டுவிடாதே. நடந்ததை நடந்தபடி சொல். நான் அப்படியே சொல்கிறேன்.

தூக்கம் வருகிறதா உனக்கு? உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 15

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

விசாரணை அறையில் என் காதுக்காக ஸ்பீக்கரை முழுசாகத் திருப்பி வைத்தார்கள். திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நீ தெரியவில்லை. "வணக்கம்மா, நீங்க உக்காருங்க" என்று உன் குரல் வந்தது. நான்கு வருஷம் கழித்து உன் குரலைத் தெளிவாகக் கேட்கிறேன். தொண்டை கரகரப்பாக இருந்தது. நீ என்னை ஒருநாளும் "நீங்க" என்று சொன்னதில்லை. மேஜைக்கு அடியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது, இடையில் அழுதும்விட்டேன். நீ அதை நான்கு வார்த்தையில் முடித்துவிட்டாய். திரையில் இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர்கள் மொழி சிக்கனமான மொழி போலிருக்கிறது.

சிட்டுவை விசாரிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவள், கையெழுத்துப் போடவும் முடியாது, வாக்குமூலம் எப்படி வாங்குவது என்று விட்டுவிட்டார்கள்.

பதில் எழுது.

அக்கா


ஜூன் 21

தம்பிக்கு,

போன கடிதத்துக்கே உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

போன வாரம் நோட்டீஸ் போர்டில் முடிவை ஒட்டினார்கள். அதை மட்டும் நம் மொழியில் ஒட்டினார்கள். தவறு முழுக்கச் சிட்டுவுடையதாம். சொல்லிக்கொடுத்த விதியை மீறினாளாம். பயிற்சி நடந்ததையும் தொழிலாளர்கள் அதை ஏற்றுக்கொண்டதையும் லைன் மேற்பார்வையாளர் உறுதிசெய்தாராம். அந்த மேற்பார்வையாளர் நான்தான். சிட்டுவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கதவைப் பாதி திறந்து, "நீங்களா சொன்னீங்க? எம்பொண்ணு மேலயே பழியைப் போட்டுட்டு எங்க வீட்டுக்கே வர்றீங்களே" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

விசாரணைப் பதிவின் நகலை மேனேஜர் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மொழி தெரியும். அவளிடம் படிக்கச் சொன்னேன்.

நான் சொன்னது: "சரி, வீடியோ போட்டாங்க. அரை மணி நேரம். ஒரு வார்த்தை புரியல. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டோம்."

அதில் இருப்பது: "ஆம், உண்மை. அரை மணி நேரம் பயிற்சி தரப்பட்டது. அனைவரும் ஏற்றுக் கையெழுத்திட்டோம்."

அந்தப் பெண் இரண்டு தடவை படித்தாள். நான் சொன்ன இன்னொன்று அதில் இல்லவே இல்லை. எது என்று உனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன், மாமா இந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் பார்ப்பார்.

மறந்துவிட்டாயா, விட்டுவிட்டாயா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

மறக்கவில்லை.

போன நவம்பரில் எங்கள் பிரிவுத் தலைவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'இந்தப் படங்கள் எங்கள் நாட்டுத் தொழிலாளிக்கு எழுத்து இல்லாமலே விளங்கும்' என்று அதில் இருந்தது. எதிர் மேஜைக்காரி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். இன்னும் ஆறு பேர் அவள் பக்கம் நின்றார்கள். நான் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்தாவது படம் எனக்கே புரியாமல், இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். என்னை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும்.

உனக்கு அந்தத் தாளை உடனே எழுதி அனுப்பாததும் அதனால்தான். எழுதினால், எழுத்து தேவைப்படுகிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். ஏப்ரலில்தான் அந்தப் பயம் கொஞ்சம் மங்கியது. அதற்குள் மார்ச் 27 வந்து போய்விட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் தலைவர் என் கையெழுத்துத் தாளை என் முன்னால் வைத்தார். "அவர்களுக்கு விளங்கவில்லை என்று பதிவானால், விளங்கும் என்று சொன்னவன் நீ. யோசித்துக்கொள்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நீ எந்தப் பேச்சையும் 'சரி' என்றுதான் ஆரம்பிப்பாய். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். 'சரி' என்றால் கேட்டேன் என்று பொருள், ஒத்துக்கொண்டேன் என்று பொருள் இல்லை. இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை 'ஆம், உண்மை' என்று சொன்னேன். 'ஒரு வார்த்தை புரியல' என்பது என் வாய் வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் நீ சொன்னாய்: "வெளக்கு அணைஞ்சிருச்சு, கையை விடு சிட்டுன்னு நான்தான் சொன்னேன். அவ தயங்கினா. நான்தான் அவசரப்படுத்தினேன்." அதையும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் வேலை அன்றோடு போயிருக்கும். உனக்காகத்தான் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, அக்கா. உனக்காக விட்டது ஒரு வரி. மற்றதெல்லாம் எனக்காக.

திருத்தம் எழுதிக் கொடுக்க மூன்று முறை உட்கார்ந்தேன். இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி இந்த வேலையோடு ஒட்டியது. மூன்று முறையும் எழுந்துவிட்டேன்.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

தம்பி


செப்டம்பர் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு மாமாவிடம் கொடுத்தேன். அவர் படித்தார். நான் சிட்டுவிடம் கையை விடச் சொன்னது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, நானும் வர்றேன்" என்றார். அந்தக் காலோடு தொழிலாளர் ஆபீஸின் மூன்று மாடியும் ஏறினார்.

அங்கே இருந்த அதிகாரியம்மா நம் மொழியிலேயே கேட்டார், நம் மொழியிலேயே எழுதினார். எழுதியதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நீ எனக்காக விட்ட வரியை நான் முதலில் சொன்னேன். பிறகு உன் கடிதத்தைக் கொடுத்தேன். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "கூடப் பிறந்த தம்பி" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விசாரணையை முதலிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டார்கள். சிட்டுவைப் பற்றிய நோட்டீஸை அதிகாரியம்மாவே ஆளை விட்டுக் கிழிக்கச் சொன்னார். பிரஸ்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னையும் வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பகலில் வீட்டில் இருக்கிறேன். சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சத்தம் கேட்பதில்லை.

சிட்டு வீட்டுக்கு மறுபடியும் போனேன். இந்தத் தடவை அவளே கதவைத் திறந்தாள். வலது கையைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களா சொல்லுவீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஆறு மாசம் ஆச்சு." அவள் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. அப்புறம், "உங்க தம்பி ஏன் அப்படிப் பண்ணாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த காரணம் எல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. ஒன்றைக்கூட அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

உன் கடிதத்தை அவர்கள் மொழியில் மாற்றித் தலைமை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டுமாம். அந்த டைப்பிஸ்ட் பெண் செய்கிறாள். நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சில இடங்களில் அவள் தயங்கி, "இதை விட்டுடலாமா, அவருக்கு ரொம்ப பாதகமா இருக்கே" என்றாள். வேண்டாம், இருக்கிறபடியே அடி என்றேன். அவள் அடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதுவும் அங்கே வந்துவிடும். உனக்கு வேலை இருக்காது, அந்த ஊரும் இருக்காது. தெரிந்துதான் செய்தேன். நீ எனக்கு எழுதாமல் விட்டாலும் சரிதான். வந்தால், முதலில் இங்கே வராதே. சிட்டு வீட்டுக்குப் போ. நான் கூட வர மாட்டேன். அவள் கேட்டதற்கு உன் வாயால் நீயே பதில் சொல்.

வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்.

அக்கா